நாற்பத்தாறு பெருக்கல் நூறு

முதல் வேலையாக எல்லாவற்றையும்
வேறொரு தட்டில் பிரதியெடுத்து வைத்தேன்:
மூன்று கலியாணம், ஒரு சாமத்தியவீடு,
உரும்பிராய் ஆள் ஒருவரின் முப்பத்தோராம் நாள்.
பிழைத்தால் என் பெட்டி மட்டும் பிழைக்கட்டும்.
நல்ல சொல். உயிர் தப்பினாலும் அதுதான்,
தவறிப் போனாலும் அதுதான்.

பக்கத் தகட்டைக் கழற்றினால்
ஒழுங்கைப் புழுதி முழுக்க உள்ளே குடியிருக்கிறது.
பழைய பல் பிறஸ்ஸால் தட்டினேன்.
காய்ந்த பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுப்
புதிதாக ஒரு பயறளவு வைத்தேன்.
பாணுக்கு பட்டர் பூசுகிற வேலையல்ல இது.

சில்லு என்று எழுதுகிறார்கள் புத்தகத்தில்.
எங்களுக்குச் சில்லென்றால்
குணேந்திரன் ஓட்டுகிற காரைநகர் பஸ்ஸின் கீழே
ஆறு உருளுகிறதே, அது.
இதுவோ மணல்.
மணற்காட்டில் காற்று கிளப்பிக் கண்ணுக்குள் எறிகிற
அதே சாதி மணல்.
ஒரே தட்டில் வெட்டிய இரண்டு துண்டில்
ஒன்று ஓடும், மற்றது மூச்சிரைக்கும்.
எனக்கு விழுந்தது எதுவென்று
கேட்டுத்தான் அறியவேண்டும், மெல்ல மெல்ல.

நீலத்திரைப் பட்டியலில்
‘தானாக’ என்றிருந்ததை முதலில் நிறுத்தினேன்.
தானாக விட்டால் அது
கேட்டதற்கு மேல் மின்சாரம் ஊற்றும்.
ஒன்று தசம் இரண்டு ஐந்து வோல்ற்.
எண்பத்தைந்து பாகைக்கு மேல் போனால்
கை எடுப்பதென்று எனக்கு நானே சொன்னேன்.

நாற்பத்துமூன்று. பத்து நிமிடம் வதைத்தேன். ஒன்றுமில்லை.
நாற்பத்துநான்கு. ஒன்றுமில்லை.
நாற்பத்தைந்து, எழுபத்துநான்கு பாகை.
நாற்பத்தாறில் எண்பத்தொன்று,
வெளியே மணி பதினொன்றரை,
கொக்குவில் நாய்களும் களைத்திருந்தன.

நாற்பத்தேழில் திரை செத்தது.

பயமில்லை.
தாய்ப்பலகையில் குந்தியிருக்கும் நாணய பற்றரியைக் கழற்றி
இருபது எண்ணிவிட்டுப் போட்டால்
எல்லாவற்றையும் மறந்துவிட்டு எழும்பும்.
(மனிசருக்கும் ஒன்று இருந்தால்,
எங்கே இருக்கிறதென்று யாரும் தேடாமலா இருப்பார்கள்.)

ஒரு மயிரிழை வோல்ற் கூட்டினேன்.
எழும்பியது, ஓடியது,
தொண்ணூற்றிரண்டைத் தொட்டது.
கை எடுத்தேன்.

அப்போதுதான் மேசை ஃபானைப் பார்த்தேன்.
அது குணேந்திரன் பக்கம் திரும்பியிருந்தது.
அவனுக்கு விடிய ஐந்துக்கு முதல் பஸ்.
கழுத்தைப் பிடித்து மெல்லத் திருப்பினேன்,
பெட்டியின் திறந்த வயிற்றுக்கு நேரே.

எண்பத்துமூன்று!
நாற்பத்தேழில் எண்பத்துமூன்று!
நாலு மணித்தியாலம் என்று காட்டிய கலியாணம்
மூன்று மணித்தியாலத்துக்குள் இறங்கியது.
மாப்பிள்ளை தாலி எடுக்கிறார், முடிச்சுப் போடுகிறார்,
கெட்டிமேளம் சட்டம் சட்டமாக வேகுது,
நான் தனிய இருந்து சிரிக்கிறேன்.

ஒரு மணிக்குக் கட்டில் கிரீச்சிட்டது.
கண் திறக்கவில்லை அவன்.
“புழுங்குதடியப்பா” என்றான், கை நீட்டி
ஃபானின் கழுத்தைத் தன் பக்கம் இழுத்தான்,
திரும்பவும் குறட்டை.

எண்பத்தாறு.
எண்பத்தொன்பது.
தொண்ணூற்றொன்று.

வேலையை நிறுத்தினேன்.
முதுகெல்லாம் வியர்த்த பெனியன்,
முழங்கையில் ஸ்ரேறிங் தேய்த்த தடம்.
இரவல் காற்றில் கிடைத்த வேகம்
என் வேகமில்லை என்று
ஒருவரும் சொல்லவில்லை,
அந்த எண் சொன்னது.

நாற்பத்தாறுக்கு இறங்கினேன்.
கூட்டின வோல்ற்றையும் எடுத்துவிட்டேன்.
எண்பத்தொன்றில் நின்றது, அசையவில்லை.
விடிய நாலரைக்கு அவன் தேத்தண்ணி ஊத்தும்போது
பொம்பிளை மாப்பிள்ளை பிழையில்லாமல்
வாசல் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.
“முடிஞ்சுதோ?” என்றான்.
“முடியுது” என்றேன்.
ஃபானைப் பற்றி அவனும் கேட்கவில்லை.

தகட்டை மூட முதல் உட்பக்கத்தில்
பென்சிலால் எழுதினேன்:
இரவு – 46.
கீழே: பகல் –
அந்த இடத்தை வெறுமையாக விட்டேன்.
சித்திரை மாதம். ஓட்டுக் கூரை.
மத்தியானம் இரண்டு மணிக்கு
இன்னொருக்கால் கேட்கவேண்டும்.